சுகமாய் மூடிய கை

ஆஸ்பத்திரிப் பிசியோதெரபிஸ்ட் ரூபினி, தேவகியின் வலது கையை மேசைமேல் மல்லாத்தி, சுருண்டிருந்த நான்கு விரல்களையும் மெல்ல நெம்பிப் பார்த்தாள். பாதிக்குமேல் வரவில்லை.

"காண்ட்ராக்ச்சர்க்கா. புண்ணு ஆறும்போது தோலு உள்ள இழுத்துக்கும். சொகமா எப்படி வச்சிருந்தீங்களோ அப்படியே நின்னுரும். கட்டை எங்க?"

விரல்களை விரித்து வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் கட்டை வீட்டு அலமாரிமேல் கிடந்தது. கறிபாப் பலகாரம் பொரித்த எண்ணெய்ச் சட்டி சரிந்து உள்ளங்கை வெந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. எதிர்வீட்டு இராசாத்தி அக்கா விட்டால்தானே! டாக்டர் வாயைத் திறக்குமுன் வைத்தியம் சொல்லிவிடுகிற மனுஷி. "இழுத்து வச்சா புண்ணு கிழிஞ்சிரும். மூடி வச்சிக்க, சொகமா இருக்கும்." சுகமாகத்தான் இருந்தது.

"மோட்டர் சைக்கிள் ஓட்டலாமா?"

"பிடியப் புடிப்பீங்க. பிரேக்குக்கு வெரல் நீளணுமே. தெனமும் இழுத்து நீட்டுங்க. வலிக்கும். முழுசா வருமான்னு தெரியல."

அடுத்த மாதம் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். "நான் காடியில ஏத்திட்டுப் போறேன் அண்ணி" என்றான் கொழுந்தன் மனோகரன். ஏற்றிப்போவான், பீடோங் சந்தையில் மீன்காரன்வரைக்கும் அதைச் சொல்லியும் வருவான். தேவகி கட்டையை இறக்கித் துடைத்தாள்.

அவள் வாசலைத் தாண்டுமுன்னே, மனோகரன் வாய்வழியாகக் 'காண்ட்ராக்ச்சர்' என்ற சொல் சந்துக்குள் நுழைந்திருந்தது. "எங்க வீட்டுக்காரருக்கும் காண்ட்ராக்ச்சர்தான்லா, சோபாவுல!" என்று ஊரைச் சிரிக்கவைத்தார் இராசாத்தி அக்கா. ஆனால் சாயங்காலமானால் தேவகி மேசை விளிம்பில் விரல்களை அழுத்துகிற முனகல் எதிர்வீடுவரை கேட்கும். ஐந்தாம் நாள் அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"போதும்லா தேவகி. கொஞ்சம் சும்மா விடு."

"சும்மா விட்டுத்தானக்கா இப்படி ஆச்சு."

இராசாத்தி அக்கா வாயடைத்து நின்றதை அந்தச் சந்து அதுவரை பார்த்ததில்லை. போவார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "எங்க புடிக்கணும், சொல்லு."

அன்றிலிருந்து மணிக்கட்டை அக்கா பிடிப்பார், தேவகி இழுப்பாள். அலறுவது மட்டும் இரண்டு பேரும்.

நாலாவது வாரம், தேவகி மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

"பின்னால நின்னு பாருங்கக்கா, பிரேக்கு புடிச்சா வெளக்கு எரியுதான்னு."

ஆள்காட்டி விரல் பிரேக்கைத் தொட்டு வழுக்கியது. மறுபடி நீட்டினாள். நடுவிரலும் நடுங்கிக்கொண்டே கூட வந்தது. குனிந்து நின்ற இராசாத்தி அக்காவின் கன்னத்தில் சிவப்பு ஒரு நொடி பட்டு அணைந்தது.

"எரிஞ்சிச்சிடி!"

தேவகி திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்தாள். சிவப்பு மறுபடி அக்காவின் கன்னத்துக்கு வந்தது. இம்முறை நடுங்கியபடியே நின்றது.