எட்டுக்குள் போன மனுஷன்

என் வீட்டுக்காரர் தணிகாசலம் சித்திரை மாதம் சின்னேரிப் பூங்காவில் எட்டு நடக்கப் போனார். இப்போது ஆவணி. இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எட்டு வடிவப் பாதைக்கு முடிவு எங்கே இருக்கிறது?

சர்க்கரை குறையும் என்று டாக்டர்தான் அனுப்பிவைத்தார். சர்க்கரை குறைந்துவிட்டது. மனுஷனும் பாதியாகிவிட்டார்.

பாதையில் நிற்கக் கூடாது. அது நடைப்பயிற்சிச் சங்கத்தின் சட்டம். களைத்தவர்கள் பெஞ்சில் உட்காரலாம். ஆனால் எல்லா பெஞ்சிலும் கர்சீப் போட்டிருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு இடம் பிடித்துப் பழகிய ஊர் இது. கர்சீப் கிடந்தால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். போட்டவர் செத்துப்போயிருந்தாலும் சரி.

அதனால் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு எட்டின் நடுவில் வந்து ஓரமாக நிற்பேன். அவர் வருவார். நிற்காமலே இட்லியை எடுத்துக்கொண்டு போவார்.

"என்னங்க, சட்னி?"

"அடுத்த சுத்துல வாங்கிக்கிறேன்."

அடுத்த சுற்றில் இட்லி தீர்ந்திருக்கும். வெறும் சட்னியை நக்கிக்கொண்டே போவார். என்ன பிழைப்பு இது!

இன்று சங்கச் செயலாளர் கோதண்டபாணி என்னைக் கூப்பிட்டார். அவர் போன மாதம் மைல்கல்லாக மாறிவிட்டார். மஞ்சள் பெயின்ட் அவருக்கு நன்றாகவே இருக்கிறது.

"விசில் ஊதினதும் எட்டைப் பெரிசா இழுக்கப் போறோம் மேடம்."

"எதுவரைக்கும்?"

"ஒரு வளையம் மலையச் சுத்தி. இன்னொண்ணு ஏரி எல்லாத்தையும் சுத்தி. புறநகர்ல இருக்கிற அத்தனை பார்க்கும் இனிமே ஒரே பாதை. பெருமையா இல்ல?"

"எங்க வீட்டுக்காரர் எப்ப இந்தப் பக்கம் வருவாரு?"

"பொங்கலுக்குப் பொங்கல் வருவாரு. கையாட்டிக்கலாம்."

அவர் குறட்டை கேட்காததால் நான் தூங்கியே நாளாகிறது. அவர் எனக்கு வேண்டும். பொங்கலுக்குக் கையாட்டவா கட்டிக்கொண்டேன்?

"அதுக்குள்ள அவரை வெளிய விடுங்க."

"பெஞ்சு காலியா இருந்தா உட்காரட்டும். நானா வேணாங்கிறேன்?"

பெஞ்சுக்கு ஓடினேன். நீலக் கட்டம் போட்ட கர்சீப் ஒன்று கிடந்தது. அதற்கு நரை விழுந்திருந்தது.

"கொஞ்சம் நகருங்க."

"ஆள் வருது," என்றது கர்சீப்.

"எங்க போயிருக்காரு?"

"டீ குடிக்க."

"எந்த வருஷம்?"

கர்சீப் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த பெஞ்சில் கிடந்த கர்சீப் குட்டி போட்டிருந்தது. குடும்பமே படுத்திருந்தது. தூக்கி எறிந்திருக்கலாம்தான். கை வரவில்லை. அடுத்தவர் கர்சீப்பை எடுப்பது எங்கள் ஊரில் கொலைக்கு ஒரு படி கீழே.

விசில் ஊதினார்கள். பாதை பரோட்டா மாவு போல இழுபட ஆரம்பித்தது. என்னவென்று பார்க்க மலை கொஞ்சம் முன்னால் வந்தது. தூரத்தில் என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். வர வரச் சின்னதாகிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

இடுப்பில் செருகியிருந்த என் கர்சீப்பை உருவினேன். எட்டின் நட்டநடுவில், பாதை மேலேயே விரித்துப் போட்டேன்.

நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் சடக்கென்று நின்றார்கள். பாதையும் நின்று பார்த்தது.

"பாதையில போடக் கூடாது மேடம்!" கோதண்டபாணி கத்தினார்.

"தைரியம் இருந்தா எடுங்க பாக்கலாம்."

அவருக்குக் கை கிடையாது. இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

இவர் மெதுவாகப் பெரிதாகி வந்து சேர்ந்தார். கர்சீப்பைப் பார்த்து நின்றார். கால் மட்டும் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

"ஆள் வருதுங்களா?" என்று யாரோ ஒரு பொம்பளையிடம் கேட்பது போல என்னிடம் கேட்டார்.

"வருது."

"யாரு?"

"நீங்கதான். உட்காருங்க."

பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதை எங்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுபட்டது. பூங்கா கேட், எங்கள் தெரு, எங்கள் வீடு எல்லாவற்றையும் மலைப்பக்கம் கொண்டுபோனது. போகட்டும்.

டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவர் இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டார்.