ஜீவராணி இறுக்கிய கட்டு

"காலத் தூக்கித் தலகாணி மேல வைங்கன்னா வச்சாத்தான் என்ன?" ஜீவராணி சத்தம் போட்டாள்.

அழகையா காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். "தொங்கப் போட்டாத்தான்டி வலி கொறையுது. நீ என்ன டாக்டரா?"

"இல்ல. ஆனா புண்ணு ஆறுனவ."

அது உண்மைதான். அவள் கணுக்காலுக்கு மேலே வருடக்கணக்காக நீர் வடிந்த புண்ணை, பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜிப்னா மிஸிதான் இறுக்கிக் கட்டி, காலை உயர்த்தி வைக்கச் சொல்லி ஆற்றினார். அதற்குப் பிறகு அந்த மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட லயத்தில் யார் காலில் புண் வந்தாலும் ஜீவராணியைத்தான் கேட்பார்கள். புருஷனின் பெருவிரல் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வரவே, அன்று காலை அவள் துவைத்துச் சுருட்டி வைத்திருந்த தன் பழைய பண்டேஜை எடுத்தாள். மிஸி இழுத்த மாதிரியே இழுத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை சுற்றிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள்.

சாயந்தரம் திரும்பியபோது அழகையா முனகாமல் படுத்திருந்தார்.

"வலி விட்டுருச்சா?"

"ஒண்ணுமே தெரியலடி. கால் இருக்கான்னே தெரியல."

அவள் விரல்களைத் தொட்டாள். பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தன. நகங்கள் நீலம். கட்டை அவிழ்க்கத் தெரியாதவள் போலப் பிய்த்து எறிந்தாள்.

ஆட்டோ வளைவு வளைவாக இறங்கியது. அவர் பாதத்தை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வெட்டிருவாங்களா?"

"வாய மூடிக்கிட்டு வாங்க."

"ஒரு பீடியாவது..."

"பீடின்னு கேட்டீங்க, நானே வெட்டிருவேன்." சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

வார்டில் ஜிப்னா மிஸிதான் இருந்தார். பேனா போன்ற கருவியைப் பாதத்தின் மேல் வைத்து நாடித் துடிப்பைத் தேடினார். வெறும் இரைச்சல். ஜீவராணிக்குக் கட்டுப் போடும் முன்பும் இதே கருவியை வைத்தார்கள். குதிரை ஓடுவது போலக் கேட்டது. அதை ஏதோ வழக்கம் என்று நினைத்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவள், இதை மட்டும் விட்டுவிட்டாள்.

"யாரு இறுக்கிக் கட்டினது?"

"நாந்தான்," என்றார் அழகையா.

"பொய், மிஸி. நாந்தான் கட்டுனேன்."

மிஸி நிமிரவில்லை. "உங்க கால்ல ரத்தம் மேல ஏறாமத் தேங்கி நின்னுச்சு. இவருக்குக் கீழ வாற குழாயே அடைச்சிருக்கு. அத இன்னும் நெரிச்சா..."

கருவி கணுக்காலின் உட்பக்கம் நகர்ந்தது. இரைச்சலுக்குள் மெல்லிசாக ஒரு துடிப்பு. நின்றது. மறுபடி வந்தது.

"இருக்கு," என்றார் மிஸி. "காலையில கண்டிக்கு அனுப்புவாங்க. அடைப்பத் தெறந்து பாக்கணும்."

"கால் தப்புமா?"

"இப்போ சொல்ல ஏலாது. சத்தம் நிக்காம இருக்கணும்."

மிஸி டாக்டரைக் கூப்பிடப் போனதும், ஜீவராணி பழக்க தோஷத்தில் தலையணையை எடுத்துக் கால்மாட்டுக்குப் போனாள். பாதி வழியில் நின்றாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தொங்கப் போட்டுக்கங்க," என்றாள்.