வெள்ளை மூடிப் போத்தல்

எனக்கு அந்த ஓணானைக் கண்ணிலே காட்டக்கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, இவள் ஏதோ பிராணிகள்மேல் உயிரை விடுகிற பொம்பிளை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை என் மனிசன் இரத்தினவேல் அதை ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிவந்து, இந்தப் பனி நாட்டில், வோபர்னில், எங்கள் பதினோராம் மாடி வீட்டு ஹோலில் இறக்கினார். பச்சோந்தியாம். யேமன் நாட்டுச் சாதியாம். தலையில் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரு கொண்டை வேறு.

"வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விட்ட கதைதான்," என்றேன்.

"இஞ்சை ஏது குணா வேலி? கடையிலைதான் வாங்கினனான்," என்று சிரித்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. துரை என்று அதற்குப் பெயர் வைத்தார். பேக்கரி வேலையால் வந்து காலணியைக் கழற்ற முதல் துரையைப் போய்ப் பார்ப்பார், என்னை அல்ல. அதற்கு ஒரு கூடு, ஒரு செவ்வரத்தைச் செடி, வெயிலுக்குப் பதிலாக ஒரு லைட், தின்னக் கிரிக்கெட் பூச்சி. பூச்சியை அப்படியே போடவும் கூடாதாம். ஒரு பைக்குள் போட்டு, கத்தரிக்காய்த் துண்டுக்கு உப்பும் மஞ்சளும் பிரட்டுவதுபோல வெள்ளைப் பவுடரில் பிரட்டித்தான் போடவேண்டும்.

பவுடர் மூன்று போத்தலில் இருந்தது. வெள்ளை மூடி வெறும் கல்சியம், அது ஒவ்வொரு நாளும். சிவப்பு மூடி விற்றமின் டி சேர்ந்த கல்சியம், மாதத்தில் இரண்டு தரம். நீல மூடி மற்ற விற்றமின்கள், அதுவும் இரண்டு தரம். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை என்பார். முடிந்த போத்தல்களைக் கழுவிக் காயவைத்துச் சிங்குக்குக் கீழே அடுக்கியது நான்தான். மூடி உள்ள எதையும் எங்கள் ஆட்கள் எறியமாட்டார்கள். என் மிளகும் பெருஞ்சீரகமும் இன்றைக்கும் கல்சியம் என்று எழுதிய போத்தல்களில்தான் இருக்கின்றன.

மாசியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கடைசி நாள் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். றோட்டுக் கடக்கும்போது அவர் என்னைப் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

"துரையை விட்டிடாதையும். பவுடர் மறந்திடாதையும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாற வருசமாவது ஊருக்குப் போவம் என்ன?" என்றார்.

இருபத்தாறு வருடமாக அவர் கேட்டது அது. இருபத்தாறு வருடமும் நான் சொன்னது, வாற வருசம் பாப்பம் என்பது. ஒரு வருடம் லீவு இல்லை, ஒரு வருடம் வீடு மாறினோம், பிறகு பிறகு எனக்கே போக மனமில்லை. அன்றைக்கும், "ஓம், வாற வருசம்," என்றேன். அன்று பின்னேரம் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று ஐஸ் உடைந்த ஆற்றில் சாம்பலைக் கரைத்தோம். அவருடைய தமையன் சச்சிதானந்தன், பிக்கரிங்கில் இருப்பவர், கொஞ்சத்தை எடுத்து வைத்தார். "ஆடி அமாவாசைக்கு நான் போறன், குணவதி. கீரிமலையிலை கரைக்கிறன். அவன் ஆசைப்பட்டபடி ஊருக்குப் போய்ச் சேரட்டும்." காற்றுப் புகாத போத்தல் வேண்டும் என்று சிங்குக்குக் கீழே குனிந்து ஒன்றை எடுத்து, அதில் நிரப்பி, சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எந்தப் போத்தல் என்று மட்டும் பார்க்கவில்லை.

துரையை அந்த நாட்களில் நான் கவனிக்கவில்லை. பூச்சி போட்டேன், தண்ணீர் விசிறினேன். பவுடரை மறந்தேன். சித்திரையில் ஒரு நாள் தொப்பென்று சத்தம் கேட்டது. கொப்பில் இருந்து விழுந்து கூட்டின் அடியில் கிடந்தது. முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன.

மிருக டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு றபர் மாதிரிப் போய்விட்டதாம். லைட்டை மாற்றச் சொன்னார், புதுக் கல்சியப் போத்தல் ஒன்றைக் கடுதாசிப் பைக்குள் போட்டுத் தந்தார். மூன்று கிழமைக்குள் தேறாவிட்டால் வைத்திருப்பது பாவம் என்றார். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்குப் பயம் பிடித்தது. போகிற மனிசன் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்றுக்கு வாற வருசம் என்று பொய் சொன்னேன். மற்றதையும் நான் கொல்லப்போகிறேனா?

அன்று தொடங்கினேன். புதுப் போத்தலை உடைக்கவில்லை. அலுமாரியில் திறந்த போத்தல் இருக்கும்போது புதியதை உடைப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. மூடிக்குக் கீழே சீல் கடுதாசி இல்லை, பவுடர் கொஞ்சம் சாம்பல் நிறம், விரலில் குருணி குருணியாகப் பட்டது. ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். காலையும் மாலையும் பூச்சியைப் பிரட்டிப் பிரட்டிப் போட்டேன்.

இரண்டாம் கிழமை துரை கொப்பில் ஏறியது. மூன்றாம் கிழமை நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடித்தது. புது லைட்டாக இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லைட் மாற்றினால் ஓணான் விரதம் பிடிக்குமா?

நம்பமாட்டீர்கள். ஒரு நாள் பூச்சியைத் தொடவில்லை. மூக்குக்கு முன்னால் பூச்சி ஓடுகிறது, அது செவ்வரத்தை இலையைக் கடித்துத் தின்றுகொண்டு இருந்தது. அடுத்த நாள் பழையபடி ஏழு பூச்சி தின்றது. அடுத்த கிழமையும் ஒரு நாள் அப்படி. மூன்றாம் முறைதான் எனக்குக் கிழமை பிடிபட்டது. வெள்ளி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை. பேக்கரியில் பிறந்தநாளுக்குக் கோழி கொடுத்தாலும் அவர் கையால் தொடமாட்டார்.

அதோடு நிற்கவில்லை. முன்பெல்லாம் அதற்கு ஒரு கண் என்னில் இருக்கும், மற்றக் கண் எங்கேயோ உருளும். இப்போது இரண்டு கண்ணும் என்னிலேயே நின்றன. குசினிக்குப் போனால் குசினிக்கு, கதவுக்குப் போனால் கதவுக்கு. வெள்ளிக்கிழமை நான் சாமிக்கு விளக்கு வைத்தால் விளக்குப் பக்கத்துக் கொப்புக்கு வந்து இரண்டு கண்ணையும் மூடிக்கொள்ளும். அவரும் அப்படித்தான், தேவாரம் முடியும் மட்டும் கண் திறக்கமாட்டார். டொக்டரின் இடத்துக்குப் போன் எடுத்தேன். பகலில் கண்ணை மூடுவது வருத்தத்தின் அறிகுறி, எத்தனை நாளாக என்று அங்கே வேலை செய்கிற பெட்டை கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்றேன். டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். பயந்தேன். ஆனால் நேர்சிங் ஹோம் வேலையால் வெறும் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, இரண்டு கண் என்னைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஆடியில் ஒரு ஞாயிறு சச்சி அண்ணை போன் எடுத்தார். அன்றிரவு பிளைட்டாம், மூன்று மணிக்கு வந்து போத்தலை எடுக்கிறேன் என்றார். சாமித்தட்டைப் பார்த்தேன். பிள்ளையார் இருந்தார், விபூதித் தட்டு இருந்தது. போத்தல் இல்லை. இத்தனை வெள்ளி விளக்கு வைத்தும் அந்தப் பக்கம் நான் கண்ணைக் கொண்டுபோகவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பரிமளத்தைக் கூப்பிட்டேன். மட்டக்களப்பு ஆள், நான் எழும்பாமல் கிடந்த நாட்களில் வீட்டைத் துடைத்து, எனக்குச் சோறு தந்தவள்.

"மருந்துப் போத்தலா கா? ஓம், சாமிக்குப் பக்கத்துல ஓணாண்ட மருந்த ஏன் வெச்சிரிக்கா எண்டு நான்தான் எடுத்து அதுட மத்தப் போத்தலோட வெச்சன்," என்றாள். "ஏன் கா, மொகம் இப்பிடிப் போகுது?"

ஒன்றுமில்லை என்று அவளை அனுப்பினேன். அலுமாரியைத் திறந்தேன். டொக்டர் தந்த போத்தல் கடுதாசிப் பைக்குள் சீல் உடையாமல் இருந்தது. மற்றப் போத்தலில் அடியில் இரண்டு கரண்டி மிச்சம். அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். வளைந்த எலும்பு எதனால் நிமிர்ந்தது என்று எனக்கு விளங்கியது. இருபத்தாறு வருடம் ஊருக்கு விடாத மனிசனை, செத்த பிறகும் பிடித்து ஓணானுக்கு ஊட்டிவிட்டேன்.

மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். மிச்சத்தைக் கொடுத்திருக்கலாம். நான் செய்தது என்ன தெரியுமா? டொக்டரின் போத்தலை உடைத்து, சீலைக் கிழித்து, மூடியை இறுக்கி, சாமித்தட்டில் வைத்தேன். வெட்கத்தால் செய்தேன் என்றுதான் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அவரை அனுப்ப எனக்கு மனமில்லை.

சச்சி அண்ணை வந்தார், போத்தலைக் கண்ணில் ஒற்றிக் கைப்பையில் வைத்தார். அவர் கதவுக்கு நடக்க, துரை கொப்பில் இருந்து இறங்கி வலையைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் தொங்கியது. உடம்பு முழுக்கக் கறுத்துவிட்டது. இரண்டு கண்ணும் அந்தப் பையில் நின்றன.

"உது என்னத்தைப் பாக்குது?" என்றார் அண்ணை.

"உதுக்குக் கண் அப்பிடித்தான்," என்றேன்.

அடுத்த நாள் திங்கள். துரை பூச்சியைத் தொடவில்லை. செவ்வாயும் தொடவில்லை. செவ்வரத்தை இலை ஒன்றிரண்டு கடித்தது, கண்ணை மூடியது. புதன், வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொரு நாளும் அதற்கு வெள்ளிக்கிழமையாகிவிட்டது. போத்தலில் மிச்சம் இருந்ததைப் பிரட்டிப் போட்டால் தின்னும் என்று எனக்குத் தெரியும். ஒரு தரம் மூடியைத் திறந்தும் விட்டேன். திறந்தபோது அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மூடிவிட்டேன். கொண்டைக்குக் கீழே கண் குழி விழுந்தது. கால் திரும்ப நடுங்கத் தொடங்கியது.

பதினோராம் நாள், வியாழக்கிழமை பின்னேரம், கூட்டின் கதவைத் திறந்து அதன் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். "என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று கேட்டேன். ஓணானோடு கதைக்கிற நிலைக்கு வந்துவிட்டேன் பாருங்கள். அது மெல்ல மெல்ல ஒரு கையை வெளியே நீட்டியது. ஐந்து வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. கையைக் கொடுத்தேன். ஏறி வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்தது. றோட்டுக் கடக்கும்போது பிடிக்கிற அதே இடத்தில், அதே இறுக்கம்.

அப்படியே இருந்துகொண்டு மற்றக் கையால் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே விடியப்போகிற நேரம். சச்சி அண்ணை பதறிப்போய் எடுத்தார்.

"அண்ணை, அந்தப் போத்தலைக் கரைக்காதேங்கோ. அது அவர் இல்லை. அது வெறும் கல்சியம்."

எல்லாவற்றையும் சொன்னேன், ஓணான் தின்றதையும் சேர்த்து.  

"நீர் செய்தது பெரிய பிழை, குணவதி," என்றார் அண்ணை. "எவ்வளவு மிச்சம்?"

"ரெண்டு கரண்டி."

"புதன்கிழமை அமாவாசை."

"தெரியும். நானே கொண்டு வாறன்," என்றேன்.

சொல்லி முடிக்கவும் மணிக்கட்டில் பிடி தளர்ந்தது. துரை என் கையை விட்டுக் கொப்புக்குத் திரும்பியது. அப்போதே வேலைக்கு லீவு சொல்லி, பிளைட் ரிக்கெற்றும் போட்டேன். இருபத்தாறு வருடம் முடியாத காரியம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் பரிமளம் துரையைப் பொறுப்பெடுக்க வந்தாள். போத்தல் மூன்றையும் காட்டினேன். வெள்ளை மூடிக்குப் புதிதாகக் கடையில் வாங்கி வைத்திருந்தேன். பூச்சியைப் பையில் போட்டுக் குலுக்கிக் காட்டினேன்.

"இண்டைக்குப் போடாதையுங்கோ," என்றேன். "வெள்ளிக்கிழமை உது பூச்சி தின்னாது. இலைதான்."

"என்னகா சொல்றா? பாவம், பசியில கிடக்கு," என்று அவள் நான்கு பூச்சியைக் கூட்டுக்குள் விட்டாள்.

துரை ஒரு கண்ணை உருட்டியது. நாக்கை நீட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தின்று முடித்து இன்னும் வேண்டும் என்பதுபோல வாயைச் சப்பியது. ஒரு கண் பரிமளத்தின் கையில் இருந்தது, மற்றது ஜன்னல் பக்கம் சும்மா சுழன்றது. நான் கூட்டுக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தேன். "இஞ்சை பாருங்கோ," என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒரு கண்ணும் என் பின்னால் வரவில்லை.

செத்த வீட்டில் அழாத அழுகையை அன்றைக்குத்தான் அழுதேன். பரிமளம் ஒன்றும் விளங்காமல் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

ராக்சிக் கார் வந்துவிட்டது என்று போன் அடித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, சாமித்தட்டில் திரும்ப வைத்திருந்த போத்தலை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். இரண்டு கரண்டிச் சாம்பல், பாரமே இல்லை.

"சரி, வெளிக்கிடுவம்," என்றேன் பையைப் பார்த்து.