மைத்துவின் மாமாக்கள்

பாலிகஞ்ச் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் பைக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தேன். என் மகள் மைத்துவின் ப்ளே ஸ்கூலிலிருந்து நான்கு மிஸ்டு கால். மணி ஐந்தேகால். அலிப்பூர் ஆபீஸில் மத்தியானம் முழுக்க மீட்டிங். சைலண்ட்டில் போட்டது அப்படியே கிடந்திருக்கிறது. என் மனசு எப்போதும் கெட்டதிலிருந்துதான் ஆரம்பிக்கும். காய்ச்சல், வாந்தி, ஊஞ்சலிலிருந்து விழுந்து மண்டையில் அடி என்று நாலு படிக்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டேன். மத்தியான ஆயா எடுத்தாள். புதிதாகச் சேர்ந்தவள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"ஓர் மாமா தோ நியே கேச்சே, திதி."

அவளுடைய மாமாதான் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாரே அக்கா, என்கிறாள். எந்த மாமா என்று கேட்டேன். ஒல்லியாக இருந்தார், நீலச் சட்டை, நாலு மணிக்கு வந்தார் என்றாள். மைத்துவே 'மாமா' என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவரும் நான் இவளுடைய மாமாதான் என்றாராம். சொந்த மாமாவை நான் எப்படித் தடுக்க முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அப்புறம், இன்றைக்கு நாலு மணிக்கே மூடுகிறோம் என்று நேற்று வாட்ஸப்பில் நோட்டீஸ் போட்டிருந்தோமே, நீங்கள்கூடக் கட்டைவிரல் போட்டிருந்தீர்களே என்றாள்.

போட்டேன்தான். நோட்டீஸ் வங்காளியில் இருந்தது. எனக்கு வங்காளி பேசத் தண்ணீர் பட்ட பாடு. படிக்கத்தான் தெரியாது. பவானிபூரில் பிறந்து வளர்ந்த எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஓரத்தில் அகல் விளக்கும் பூவும் இருந்ததால் காளி பூஜை வாழ்த்து என்று நினைத்துக் கட்டைவிரலைத் தட்டிவிட்டேன்.

நான் ஒற்றைப் பெண். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. மைத்துவுக்கு மாமா என்று இந்த உலகத்தில் ஒருவரும் கிடையாது.

ஆனால் அவள் கூப்பிடுகிற மாமாக்களுக்குக் குறைவே இல்லை. வங்காளிக்கு மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவர். அக்கம்பக்கத்து ஆண்களைக் காக்கு என்பார்கள், ஜேட்டு என்பார்கள், மாமா என்று லேசில் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டிலோ காஸ் சிலிண்டர் தூக்கிவருகிறவரும் மாமா, கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரும் மாமா. பவானிபூரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் பேச்சு பழக்கம். வீட்டுக்காரர் நாங்கள் குடியிருந்த பழைய கட்டிடத்தை இடித்துக் கட்டக் கொடுத்தபிறகு, ரயில் போகிற வழியில் இரண்டு அறையும் ஒரு பால்கனியுமாகக் கிடைக்கிறதே என்று சுபாஷ்கிராமுக்கு வந்தோம். வந்து நாற்பது நாள். புது ஊரில் நாலு பேர் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று முதல் வாரமே மைத்துவுக்குப் பாடம் எடுத்தது நான்தான். எதிரில் யார் வந்தாலும் அவள் தோளை லேசாகத் தள்ளிவிடுவேன். "மாமாக்கு டாட்டா சொல்லுடி கண்ணு." நாலு வயசுக் குழந்தை, சொன்னதைச் செய்தாள்.

கீழே பாருய்பூர் லோக்கல் வந்து நின்றது. ஓடிப்போய் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டேன். என் கணவன் ஷ்யாம் ஆடிட் வேலையாகக் கரக்பூர் போயிருந்தான். மூன்றாவது தடவை எடுத்தான்.

"யாரு மாமா?"

"தெரியலை."

"உனக்குத்தான் அண்ணா தம்பி கெடையாதே, பத்மா."

"அதைத்தான் சொல்றேன், ஷ்யாம்."

"அங்க அவ யார் யாரை மாமாங்கறா? ஒவ்வொருத்தரா சொல்லு."

சொன்னேன். கீழ் வீட்டுக்காரர், ஆனால் அவர் குடும்பத்தோடு பூரிக்குப் போயிருக்கிறார். மருந்துக்கடைக்காரர். கேபிள்காரர். சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர், நாங்கள் மீன் பக்கமே போவதில்லை என்றாலும் மைத்து தினமும் பால்கனியிலிருந்து 'மாச் மாமா' என்று கை ஆட்டுவாள். டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் எங்களைக் காலையில் ஏற்றிப்போகிறவர். முக்குக் கட்டிடத்துக் காவல்காரர். சொல்லச் சொல்லப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரியாது, ஃபோன் நம்பரும் கிடையாது. ஒல்லி என்று பார்த்தால் எல்லாருமே ஒல்லிதான்.

"நான் அங்க தானாவுக்கு ஃபோன் பண்றேன்" என்றான் ஷ்யாம். தானா என்றால் போலீஸ் ஸ்டேஷன். சின்ன வயதிலிருந்து காதில் விழுகிற வார்த்தைதான். அது என் குழந்தைக்காகவும் ஒருநாள் வரும் என்று நினைத்ததில்லை. கரியா தாண்டியதுமே வெளியில் இருட்டிவிட்டது. தூரத்து வீடுகளில் காளி பூஜை விளக்குகளை இன்னும் கழற்றவில்லை, எங்கோ வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், மடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்த இன்னொருத்தியை எழுப்பி எனக்கு இடம் கொடுக்கச் சொன்னார். என்ன ஆச்சு என்று வங்காளியில் கேட்டார். சொன்னேன். உங்கள் பாஷையில் எல்லாருமே மாமாவா என்றார். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் யாராகவும் இருக்கலாமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டு அந்த வரிசையில் ஒருத்தி தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சோனார்பூரில் வண்டி நின்று கிளம்பியதும் நான் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தேன். அடுத்தது சுபாஷ்கிராம்தானே என்று சும்மா கேட்டு வைத்தேன். அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தார்.

"இது கேலப்பிங் ஆச்சே. சுபாஷ்கிராமில் நிற்காது."

நடுவில் சில ஸ்டேஷன்களைத் தாண்டிக்கொண்டு ஓடுகிற லோக்கலுக்கு இங்கே கேலப்பிங் என்று பேர். நாற்பது நாளும் நான் ஏறியது ஒரே வண்டி, ஐந்து இருபத்தெட்டு. மெட்ரோவில் வளர்ந்தவளுக்கு, வண்டி என்றால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். நிற்காத வண்டியும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுபாஷ்கிராம் வந்தது. பிளாட்பாரத்து டீக்கடை, டிக்கெட் கவுன்ட்டர், வேலிக்கு அந்தப் பக்கம் டோட்டோக்களின் விளக்கு வரிசை எல்லாம் என் முகத்துக்கு எதிரே ஓடியது. நின்றிருந்த ஆண்களில் எத்தனை நீலச் சட்டை. யார் கையிலாவது குழந்தை இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது. நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்மணி பின்னாலிருந்து என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், குதித்துவிடுவேன் என்று பயந்து.

பாருய்பூரில் இறங்கித் திரும்பும் வண்டிக்குப் பதினான்கு நிமிஷம். அந்தப் பதினான்கு நிமிஷத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது.

சுபாஷ்கிராமில் ஆறரை மணிக்கு இறங்கினேன். டோட்டோ ஸ்டாண்டில் ஃபோனில் மைத்துவின் படத்தைக் காட்டினேன். விரல் பட்டுப் பட்டுப் படம் பெரிசாகிப் பெரிசாகி அவளுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது. ஒரு டிரைவர் ஃபோனை வாங்கிச் சரிசெய்து பார்த்தார். இது நரேனுடைய பாக்னி இல்லையா என்றார். பாக்னி என்றால் அக்கா தங்கை மகள். நரேன் வண்டியில் பார்த்தேன், குளத்துக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, தனியாள் என்றார். எங்களைத் தினம் ஏற்றிப்போகிற ஒல்லி மனிதனின் பெயர் நரேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தனியாள் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

குளத்தங்கரையில் டோட்டோ நின்றிருந்தது. அதைச் சுற்றிப் போட்டிருந்த சீரியல் விளக்குகள் அத்தனையும் எரிந்தன. தூரத்திலிருந்தே உள்ளே இருப்பது தெரிந்தது. மைத்து பின்சீட்டில் காலை ஆட்டிக்கொண்டு காகிதப் பொட்டலத்திலிருந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அவன் பத்தடி தள்ளி ஒரு செங்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். பின்னால் அவன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, ஜன்னலிலிருந்து சார்ஜ் வயர் ஒன்று டோட்டோவுக்கு வந்திருந்தது.

குழந்தையைத் தூக்கினேன். தூக்கினவள் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் கவுனின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முட்டியைப் பார்த்தேன், கையைத் திருப்பிப் பார்த்தேன், ஷூ சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். நான் என்ன பார்க்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அங்கே பார்த்தபடியேதான் சொன்னான். நாலு மணிக்கு ஸ்கூல் பக்கமாக வந்தானாம். எல்லாக் குழந்தையும் போய்விட்டது, இவள் மட்டும் கேட்டுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாளாம். எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனால் பூட்டியிருந்தது. ஸ்டேஷனில் காத்திருந்தான், ஐந்து இருபத்தெட்டில் நான் வரவில்லை, வண்டியில் சார்ஜ் இறங்கிவிட்டது, அதனால் இங்கே கொண்டுவந்து போட்டு, சார்ஜ் ஏறியதும் மறுபடி எங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தான்.

"ஆயாகிட்ட நான் பொய் சொல்லலை, திதி" என்கிற அர்த்தத்தில் வங்காளியில் சொன்னான். "எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. இவள் முதல் நாள் மாமா என்று கூப்பிட்டாள். நீங்களும் அப்படித்தான் கூப்பிடச் சொன்னீர்கள்."

சொன்னேன்தான். அவனைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எவ்வளவு மலிவு என்று அவனுக்கு விளக்க வாயைத் திறந்தேன். முடியவில்லை. நன்றி என்றும் சொல்ல வரவில்லை. வீட்டில் விடுகிறேன் என்று சாவியை எடுத்தான். வேண்டாம், நடந்து போகிறோம் என்றேன். மைத்து வழியெல்லாம் அழுதாள், டோட்டோவில்தான் போக வேண்டும் என்று.

வீட்டுக்கு வந்து கதவின் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டேன். ஷ்யாம் குழந்தை கிடைத்துவிட்டதைத் தானாவுக்குச் சொல்லிவிட்டு ஃபோனில் என்னிடம் அழுதான். அழுது முடித்துவிட்டு, "இனிமே அந்த டோட்டோ வேண்டாம் பத்மா. நல்லவனாவே இருக்கட்டும். வேண்டாம்" என்றான். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அவன் வாயிலிருந்து வந்தபோது ஏனோ அசிங்கமாக இருந்தது.

மைத்துவுக்குச் சாதம் ஊட்டும்போது சொன்னேன். "இனிமே யாரையும் மாமான்னு கூப்பிடாதே, என்ன?"

"டோட்டோ மாமாவையும்மா?"

"ஆமா."

"பின்ன எப்டிக் கூப்பிடறது?"

"கூப்பிடவே வேண்டாம்."

அவள் வாயில் சாதத்தோடு என்னையே பார்த்தாள். நாற்பது நாளாக அவள் தோளைத் தள்ளிவிட்ட கை இதே கைதான் என்று நினைத்திருப்பாளோ என்னவோ.

மறுநாள் பாய் ஃபோட்டா. அக்கா தங்கைகள் அண்ணன் தம்பியை உட்காரவைத்து இடது சுண்டுவிரலால் நெற்றியில் சந்தனம் இட்டு, அவனுக்கு ஆயுசு வேண்டிக்கொள்ளும் நாள். ஸ்கூலும் கிடையாது, ஆபீஸும் கிடையாது. காலையிலிருந்து கீழே சந்தில் ஆண்கள் குளித்துவிட்டு, இனிப்புப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி வருகிறவர்களின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது. நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு டோட்டோ வந்து வழக்கமான இடத்தில் நின்றது. இன்று லீவு என்று அவனுக்குத் தெரியாமலிருக்காது. ஹார்ன் அடிக்கவில்லை. சீரியல் விளக்குகளைக் கழற்றியிருந்தான். சலவைச் சட்டை போட்டு, ஈரத் தலையைப் படிய வாரியிருந்தான். எதற்கு வந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் சரியா என்று பயமாகவும் இருந்தது. உள்ளே போய்க் கதவைப் பார்த்தேன். இரண்டு தாழ்ப்பாளும் போட்டபடி இருந்தன.

நான் பால்கனிக்குத் திரும்பியதும் மைத்து என் பின்னால் வந்து கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டாள். கையைத் தூக்கினாள். வாயைத் திறந்தவள், சட்டென்று அதை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கீழே அவன் நிமிர்ந்து பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. சந்து முழுக்கச் சந்தனம் வைத்த ஆண்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் நெற்றி வெறுமையாக இருந்தது.