பெட்ரோல் சீட்டு

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, கார், இரண்டு பெண் பிள்ளைகள். அம்மாவும் அவனோடுதான் இருந்தாள்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது கடை வாசலில் காரை நிறுத்தினான். அக்காவின் முகம் மலர்ந்தது. வருஷா வருஷம் போல அவன் பெண்களுக்கான நோட்டுகளுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டி, அடக்க விலைக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தாள்.

அவன் பர்சிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். "இத லேமினேட் பண்ணிக் குடுக்கா. ஓரமெல்லாம் பிஞ்சு போச்சு."

நெடுஞ்சாலையோரம் புதிதாக வந்திருந்த பெரிய கடையின் அட்டை. அங்கே மொத்தமாகச் சாமான் வாங்கினால், அவர்களுடைய பெட்ரோல் பங்க்கில் தள்ளுபடி.

அட்டையைக் கையில் வாங்கும்போது காரின் பின்சீட் கண்ணில் பட்டது. அந்தக் கடையின் பைகள். ஒரு பையின் வாய் வழியே நோட்டுகள் தெரிந்தன.

"நோட்டுமா அங்க வாங்கிட்டே?"

"ஒரே பில்லா போட்டாதான்கா தள்ளுபடி. நோட்டையும் சேர்த்ததாலதான் அவங்க சொன்ன தொகை எட்டுச்சு."

"போக வர எவ்வளவு தூரம்?"

"இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"அதுக்குப் பெட்ரோல் யாருடா ஊத்துறா?"

அவன் சிரித்தான். "நீ கணக்கு டீச்சராப் போயிருக்கணும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உன்கிட்ட வாங்குனா நீ லாபம் வைக்க மாட்டேங்கற. எனக்குத்தான் சங்கடமா இருக்கு."

"லாபம் வச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னியா? எவனோ ஒருத்தனுக்கு லாபம் குடுக்கச் சங்கடமில்ல. எனக்குன்னா மட்டும் வாய் வரல, இல்ல?"

அவன் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தான். மெஷினிலிருந்து சூடாக வந்த அட்டையை ஓரம் வெட்டிக் கொடுத்தாள்.

"எவ்வளவுக்கா?" பேச்சுக்குத்தான் கேட்டான்.

"இருபது."

"விளையாடாதே."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

மறுநாள் அம்மா போன் செய்தாள். "தம்பிகிட்டயே காசு வாங்கினியாமே? அவ்வளவு கஷ்டமா உனக்கு?"

"ஆமாம்மா, கஷ்டந்தான்" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். பிறகு ஈரத்துணியால் நோட்டுகளில் இருந்த பெயர்களைத் தேய்த்து எடுத்தாள். அட்டையும் சேர்ந்து கிழிந்தது. நோட்டுகள் பாதி விலைக்குத்தான் போயின.

அதற்குப் பிறகு தம்பி வரவில்லை. இரண்டு மாதத்தில் தாள் கொண்டுவரும் மொத்த வியாபாரியும் வருவதை நிறுத்திக்கொண்டார். "இந்தப் பக்கம் வாங்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்காக மட்டும் வண்டி அனுப்பினா கட்டுப்படியாகலம்மா."

வேறு வழியில்லை. பஸ் பிடித்து அந்தப் பெரிய கடைக்கே போனாள். வியாபாரியின் விலையைவிடத் தாள் அங்கே மலிவாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆறு கட்டு எடுத்தாள். பில் போட்ட பெண் கூடவே ஒரு சீட்டையும் கிழித்துக் கொடுத்தாள்.

"பெட்ரோல் சலுகைம்மா. வண்டி எங்க நிக்குது?"

"பஸ்ல வந்தேன்."

"அப்ப இது உங்களுக்கு உதவாதே."

"உதவாதுன்னா, என் பில்லுல அதைக் கழிச்சுத் தரலாம்ல?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"வண்டி இருக்கிறவங்க பெட்ரோலுக்கு நானும் சேர்ந்து குடுக்கறேன். அப்படித்தானே?"

அந்தப் பெண் பில்லை மடித்து நீட்டினாள். அவளும் பஸ்ஸில் வந்து போகிறவளாகத்தான் இருக்கும். பின்னால் நின்ற ஆள் கழுத்தை நீட்டினார்.

"உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்களேன்."

அக்கா சீட்டை நான்காகக் கிழித்தாள்.

"சும்மா போறதத் தர மனசு வரல பாருங்க" என்று அவர் பில் போட்ட பெண்ணிடம் சொன்னார்.

அக்கா கட்டுகளைத் தூக்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் கார்களெல்லாம் நிற்கும் மைதானத்தைத் தாண்டி இருந்தது. நடுவில் நடைபாதை எதுவும் இல்லை. மூன்று இடத்தில் நின்று, கட்டுகளைத் தரையில் வைத்து, கை மாற்றி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.