இணைச்சீருக்கு ஒரு தங்கை

தீனதயாளனின் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்டது. நல்ல சமையல்காரர் கிடைத்துவிட்டார். வைகாசியில் முகூர்த்தமும் கிடைத்துவிட்டது. ஒரு தங்கைதான் கிடைக்கவில்லை.

அக்காவாக இருந்தாலும் சரிதான். மாப்பிள்ளை வீட்டில் செய்கிற இணைச்சீருக்கு அவனுடைய உடன்பிறந்தவளோ, அந்த முறையாகிறவளோ ஒருத்தி நிற்க வேண்டும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்வான், மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். நாளைக்கு உனக்கும் எனக்கும் பிள்ளைகள் பிறந்தால் கொடுத்து எடுத்துக்கொள்வோம் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்வதாக அர்த்தம். அந்தச் சீர் ஆகாமல் மாப்பிள்ளையை மணவறைக்கு அழைத்துப் போகிற வழக்கம் அவர்கள் சனத்தில் இல்லை.

தீனதயாளனின் அப்பா மருதாசலத்தின் கல்யாணத்தில் இந்தச் சீருக்கே ஒரு சண்டை நடந்தது. அவருக்குக் கூடப் பிறந்த பெண்கள் நாலு பேர். நான்தான் நிற்பேன் என்று நாலு பேரும் முறுக்கிக்கொண்டார்கள். மூத்தவள் சாரதாமணி வென்றாள். தோற்றவர்களில் ஒருத்தி கல்யாணச் சாப்பாட்டையே தொடவில்லை. புதுப்பெண்ணாக வந்திறங்கிய வசந்தாமணி அவள் வாயில் ஒரு லட்டைத் திணித்துத்தான் சமாதானம் செய்தாள்.

அதெல்லாம் மாமியார் காலத்து மிச்சம். வசந்தாமணியின் காலத்தில் ஒன்று போதும் என்று ஊரே முடிவெடுத்தது. யாரும் கூடிப் பேசி எடுக்கவில்லை. உழுகிற காடு துண்டு துண்டாகக் கூடாது, பையன் நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும், அடுத்த வீட்டிலும் ஒன்றுதானே என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக நினைத்தார்கள். தீனதயாளன் ஒரே பையன். மருதாசலத்தின் தம்பிக்கும் ஒரே பையன். வசந்தாமணியின் தங்கைக்கும் ஒரே பையன். பங்காளி வீடுகளில் தேடியதில் ஒரு பெண் கனடாவில் கைப்பிள்ளையோடு இருந்தாள். இன்னொருத்தி கிணற்றுப் பங்கில் முறைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டுப் பெண். அதோடு பட்டியல் முடிந்தது.

சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் சென்னிமலை, வீட்டுக்கு வந்திருந்தபோது வசந்தாமணி அவரிடமே வழி கேட்டாள்.

"கனடாப் பொண்ணைப் போன்ல நிக்கச் சொல்லிரலாம் அம்மிணி. போன மாசம் ஒரு கல்யாணத்துல அப்பிடித்தான் பண்ணுனோம். தாம்பாளத்துல போனை வச்சு, புடவை முனையை அதுமேல போட்டு உட்டோம். பாதியில நெட்டு போயிருச்சு. மாப்பிள்ளை முனையைப் புடிச்சுக்கிட்டு அண்ணாந்து டவரைப் பாக்கறான்."

தீனதயாளன் சிரித்தான். சிரித்து முடித்ததும், "நீமா நிக்கட்டும்மா" என்றான்.

சென்னிமலை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆரு, அந்த ஆப்பிரிக்காப் புள்ளையா?"

மருதாசலம் போர்வெல் ரிக் வைத்திருந்தவர். திருச்செங்கோட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல் ஏறிய வருடங்களில் அவருடைய இரண்டு வண்டிகளில் ஒன்றும் தான்சானியாவுக்குப் போனது. எட்டு மாதம் அங்கே, நாலு மாதம் இங்கே என்று அவர் காலம் ஓடியது. அங்கே சிங்கிடா என்ற ஊரில் ஒரு வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த வீட்டில் ஏழு பிள்ளைகள். ஐந்தாவது பிள்ளை நீமா.

அங்கிருந்து போன் செய்யும்போதெல்லாம் மருதாசலம் அடி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல மாட்டார். பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்வார். "தண்ணி பீச்சுச்சு வசந்தா, எங்கிருந்துதான் வந்துச்சுகளோ! ராடுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவுல பூராத் தலை. சேத்துல குளிக்குதுக, குதிக்குதுக. தொரத்தித் தொரத்தி என்ற ஆளுகளுக்குத் தொண்டை போச்சு." நாலு மாதம் இங்கே வந்து பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னொரு வண்டியை ஓட்டினால் சத்தமில்லாமல் வீடு திரும்புவார். "நல்லாத் தண்ணி வந்துச்சு. பாக்கறதுக்குத் தோட்டத்துக்காரரும் அவரு சம்சாரமும் நின்னாங்க. அப்பறம் ஒரு நாயி. அது நனையாத அளவுக்குத் தள்ளி நின்னுச்சு" என்பார். அதே மாதிரி ரிக், அதே மாதிரி தண்ணீர். எந்த நாட்டில் பிறப்பு எவ்வளவு என்று செய்தித்தாளில் வருகிற கணக்கை அவர் படித்ததே இல்லை. தண்ணீர் வரும்போது யார் வந்து நிற்கிறார்கள் என்பதில் அவருக்கு அது தெரிந்துவிட்டது.

நீமா நர்சிங் படிக்க ஆசைப்பட்டபோது, நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மருதாசலத்தை அவள் 'பாபா' என்றுதான் கூப்பிட்டாள். அவள் ஊரில் வயதான ஆண்கள் எல்லோரும் பாபாதான். இங்கே வந்து தமிழ் பழகியதும் அது 'அப்பா' ஆகிவிட்டது. முந்தின ஆண்டு ஆடியில், காட்டுக்குப் போனவர் வரப்பில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தபோது, எழவுக்கு வந்த பெண்கள் எல்லோரும் வசந்தாமணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீமாவுக்கு இந்த ஊர் ஒப்பாரி தெரியாது. அவள் வசந்தாமணியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வசந்தாமணிக்கு அந்த நாளில் நினைவில் நின்றது அது ஒன்றுதான்.

தீனதயாளன் சொன்னது சாரதாமணியின் காதுக்கு எட்ட அரை நாள்கூட ஆகவில்லை. மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது வசந்தா? கூடப் பொறந்தவள்னு சபையில கொண்டாந்து நிறுத்துனா சனம் என்ன நெனைக்கும்? எந்தம்பி வருசக்கணக்கா அங்க போயி இருந்தவன். அவனை அப்பாங்கற ஒரு புள்ளைய நீயே கூட்டியாந்து நிறுத்துற. நாளைக்கு டீக்கடை பூரா எந்தம்பி பேச்சுத்தான்."

"அவரு மொதத் தடவை அங்க போனப்பவே அந்தப் புள்ளைக்கு ஏழு வயசுங்க அண்ணி."

"அதை ஊடு ஊடாப் போயிச் சொல்லுவியா? இல்லீன்னு சொல்றதுக்கு அவன் எந்திரிச்சு வருவானா?" சாரதாமணியின் குரல் உடைந்தது. "அவனுக்குன்னு இப்ப இருக்கறது பேரு ஒன்னுதான். அதையும் நாமளே கெடுக்கோணுமா?"

வசந்தாமணி அண்ணிக்குக் காப்பி கலக்கப் போனாள். அண்ணி சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மகன், புடவையின் மறுமுனை காலியாகத் தொங்க நிற்பதையும் அவளால் பார்க்க முடியாது. கணவர் பெயரை நாலு பேர் மென்று துப்புவதையும் கேட்க முடியாது. இரண்டில் ஒன்று நடந்தே தீரும்போல இருந்தது.

அந்த ஞாயிறு நீமா வந்தாள். வந்ததும் வராததுமாக வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். தீனா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"அத்தை சொன்னது சரிம்மா. அப்பா பேரு கெடும்னா நா வேண்டாம். கல்யாணத்துல பந்தி பரிமாறுறேன். நல்லாப் பரிமாறுவேன். எங்கூட்டுல எல்லாருக்கும் போட்டு, சண்டை வராம மிச்சம் பண்ணிப் பழக்கம்."

"உங்கூட்டுல கல்யாணம்னா அக்கா தங்கச்சிக்குப் பஞ்சமில்ல, என்ன?"

"எங்க அண்ணனுக்கு நாங்க நாலு பேரு. வேணும்னா ஒன்னு எடுத்துக்கங்கன்னு அம்மா சொல்லும்." சிரித்துவிட்டு வெங்காயக் கண்ணீரை முழங்கையால் துடைத்தாள். "ஆனா இனிமே அங்கயும் இல்லம்மா. அம்மாவோட அம்மாவுக்குப் பதினொன்னு. அம்மாவுக்கு ஏழு. அக்கா டவுன்ல வேலைக்குப் போறா. ரெண்டோட போதும்னுட்டா. அம்மா அவகிட்ட ஒரு மாசம் பேசல."

"நீ?"

"நானும் ரெண்டுதான். நைட் டூட்டி பாத்துட்டு ஏழு எப்பிடிம்மா வளக்கறது?"

வசந்தாமணியின் கை அரிவாள்மணையில் நின்றது. தான்சானியா என்றால் அவளுக்குச் சேற்றில் குதிக்கிற அந்தக் கூட்டம்தான். அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தாள். தன் மாமியாரிலிருந்து தான் வரை வந்த அதே வழியில், கொஞ்சம் பின்னால், அவர்களும் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டு நல்லதுதான் சாமி. என்னாட்டம் ஒன்னோட மட்டும் நின்னுராத" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது உன்ற இஷ்டம். நா ஆரு சொல்றதுக்கு."

"நீங்க சொல்லாம ஆரு சொல்லுவா?" என்றாள் நீமா சாதாரணமாக, அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே.

மருதாசலம் ஒருமுறை சொன்னது வசந்தாமணிக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் முட்டி வைக்க இடமிருக்காதாம். ஆனால் அவர் உள்ளே வந்ததும் ஏழில் ஒன்று எழுந்து இடம் விடுமாம். யார் எழுந்திருப்பது என்று ஒருநாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது கிடையாதாம். இத்தனை வருடம் என்னை ஒருத்தரும் வெளியாளாப் பாக்கலை வசந்தா என்றார். அவர் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த வீட்டுப் பெண்ணைப் பந்தி பரிமாற அனுப்பினால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது?

"வெங்காயத்தை வைச்சுட்டு எந்திரி" என்றாள். "இளம்பிள்ளைக் கடை வீதிக்குப் போலாம். உனக்குப் புடவை எடுக்கோணும்."

சீர் நாளன்று வாசல் பந்தல் நிறையச் சனம் இருந்தது. வசந்தாமணி வழக்கப்படி பின்னால், கதவோரம் நின்றாள். கணவனை இழந்தவள் சீர் நடக்கிற இடத்துக்கு வருவதில்லை. மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், தலை நிறைய முல்லையோடு நீமா வந்து தீனதயாளன் பக்கத்தில் நின்றதும் பந்தலில் குசுகுசுப்பு கிளம்பியது.

"மருதாசலத்துக்கு அங்கொரு குடும்பம் இருந்துருக்குது போல." யாரோ ஒரு பெண், கதவோரம் வசந்தாமணி நிற்பது தெரியாமல் சொன்னாள்.

சென்னிமலைக்கும் ஏதோ காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "இணைச்சீர்க்காரி ஆரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று, தெரிந்தும், சபைக்காகப் பொதுவாகக் கேட்டார்.

தீனதயாளன் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி கதவை விட்டு நடந்து வந்தாள். வழியில் இருந்தவர்கள் விலகினார்கள். "எங்கூட்டுப் புள்ளைங்க" என்றாள். "எங்கூட்டுக்காரரைப் பத்து வருசத்துக்கு மேல இவங்க ஊட்டுல சோறு போட்டு வச்சிருந்தாங்க. இவ நிக்கட்டும். பேசறவங்க பேசிக்கட்டும்."

முன்வரிசை நாற்காலி ஒன்று கரகரவென்று நகர்ந்தது. சாரதாமணி எழுந்து வந்தாள். நீமாவின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏனுங்க, எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. எந்தம்பிக்குப் பொறந்திருந்தா இத்தனை லட்சணமா இருந்திருப்பாளா? எங்க வம்சத்து மூக்கு பஜ்ஜி மொளகாயாட்டம் தொங்கும். சந்தேகம் இருக்கறவங்க என்ற மூஞ்சியப் பாத்துக்கங்க."

முதலில் சிரித்தவர் சென்னிமலைதான். அப்புறம் பந்தலே சிரித்தது. சாரதாமணி சிரிக்கவில்லை. நீமாவின் கொசுவத்தைக் குனிந்து சரிசெய்துவிட்டு, "இந்த முனையை இறுக்கிப் புடி. நான் புடிச்சப்ப நழுவிருச்சுன்னு இன்னும் என்ற தங்கச்சிக சொல்லிக் காட்டறாளுக" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சென்னிமலை சீர்ச் சொற்களைச் சொன்னார். கொடுத்து எடுத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் சம்மதமா என்று கேட்டார்.

"எனக்கு ரெண்டு பொறக்கும். ஒன்னு தாரேன். எதுன்னு பொறவு பாத்துக்கலாம்" என்றாள் நீமா.

"அதுக ரெண்டுமே மாட்டோம்னு சொல்லும், நீ வேற" என்றான் தீனதயாளன்.

பந்தியில் பேச்சு முற்றிலும் நின்றுவிடவில்லை. நாலு இலை தள்ளி, ஒன்னும் இல்லாமலா இத்தனை தூரம் வந்து நிக்குது என்று ஒருவர் சொல்வது வசந்தாமணியின் காதில் விழுந்தது. வலிக்கும் என்று காத்திருந்தாள். அவ்வளவாக வலிக்கவில்லை. இதைக் கேட்டிருந்தால் மருதாசலம் இலையில் உட்கார்ந்தபடியே புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்திருப்பார்.

சாப்பிட்டு முடிந்ததும் நீமா தன் வீட்டுக்கு வீடியோ போட்டாள். போனின் சின்னக் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகள். அம்மா, தம்பிகள், யாருடைய கைப்பிள்ளையோ ஒன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வசந்தாமணி இந்தப் பக்கம் கும்பிட்டாள். அவர்களும் கும்பிட்டார்கள். நீமாவின் அண்ணன் மனைவி, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள், முன்னால் நெருங்கி ஏதோ கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை புள்ளைகன்னு கேக்கறாங்கம்மா. அவங்களுக்குத் தெரியாது" என்றாள் நீமா.

"ரெண்டுன்னு சொல்லு" என்றாள் வசந்தாமணி.

நீமா வசந்தாமணியின் முகத்தோடு தன் முகத்தையும் ஒட்டிக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள்.