தளத்தில் சொன்ன சொல்

…பத்து மணிக்குப் புறப்பட்டிருந்தால் இந்நேரம் படகில் இருப்பாள், திருப்பூணித்துறையிலிருந்து மெட்ரோ, அப்புறம் படகு, மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ஐந்து நிமிஷம், நடந்தால் கால் மணி நேரம், அஞ்சனா நடந்துதான் வருவாள் என்று முத்துவேலுக்குத் தோன்றியது, ஏன் அப்படித் தோன்ற வேண்டும், அவளை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறான், மூன்றாவது தடவை அவள் புருஷனின் பெட்டி மேல் விரித்திருந்த கொடியை மடித்து அவள் கையில் கொடுத்த அன்று, அன்றைக்கும் அவள் கூட்டத்தில் இவனைத் தேடிப் பார்த்துத் தலையசைத்தாள், நீங்கள் வந்ததே போதும் என்கிற மாதிரி. நேற்று சாயங்காலம் போன். "நான் அஞ்சனா பேசறேன், ஹரிநாராயணனோட ஒய்ஃப். நாளைக்கு ஆத்துல இருப்பேளா? ஒரு விஷயம் நேர்ல சொல்லணும்." அவ்வளவுதான், என்ன விஷயம் என்று இவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் போனிலேயே முடிந்திருக்கும்… முடிந்திருக்குமா? எட்டு மாசமாக முடியாதது போனில் முடியுமா? போன வாரம் விசாரணை அறிக்கை வந்துவிட்டது, அவளுக்கும் ஒரு நகல் போயிருக்கும், பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது, இறங்க வேண்டாம் என்று கப்பல் தளத்திலிருந்து சொன்ன பிறகும் விமானி இறங்கினார், விபத்துக்குக் காரணம் விமானியின் பிழை. ஹரிக்குக் கொடுப்பதாக இருந்த பதக்கத்தை அந்த ஒரு வரிக்காக நிறுத்திவிட்டார்கள். அவள் பள்ளிக்கூட டீச்சர், ஒரு வரி விடாமல் படித்திருப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே சுக்கு மூட்டை இறக்குகிறார்கள், லாரி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவள் நடந்து வந்தால் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒதுங்கித்தான் வர வேண்டும். இந்தத் தெருவை இவன் அப்பா வேலன் முப்பது வருஷம் கூட்டினார், கார்ப்பரேஷன் வேலை, அவர் மகன் பதினெட்டு வயதில் கப்பற்படையில் மாலுமியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி லெஃப்டினன்ட் ஆகி, கப்பலில் விமானத்தை இறக்கிவிடுகிற அதிகாரியாகி… அந்த விமானத்துக்கு யாரோ கிரௌஞ்சம் என்று பெயர் வைத்திருந்தார்கள், அது ஓடுபாதை வேண்டாத சண்டை விமானம், கப்பல் சின்னது, ஓடி நிற்க நீளம் கிடையாது, அதனால் நின்ற இடத்திலேயே எழும்பும், திரும்பி வந்து கப்பலின் பக்கத்தில் அந்தரத்தில் நிற்கும், பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே வந்து செங்குத்தாக இறங்கும். முதுகில் ஒரு மூடி திறக்கும், உள்ளே ஆள் உயரத்துக்கு விசிறி, பின்னால் இருக்கிற குழாய் தரையைப் பார்த்து மடங்கும், அந்தச் சத்தம் காதால் கேட்கிற சத்தமில்லை, நெஞ்செலும்பில் கேட்கும். இறங்குகிறவனுக்குத் தன் வயிற்றுக்குக் கீழே இருக்கும் தளம் தெரியாது. அவனுக்காகப் பார்ப்பது முத்துவேல், தளத்தின் ஓரத்தில் கண்ணாடி அறை, முன்னால் ஒரு மீட்டர், கப்பல் எத்தனை டிகிரி சாய்கிறது என்று காட்டும், நாலு டிகிரியைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், சொன்னால் விமானி மேலே எழும்பிப் போய்விட வேண்டும். வேலை இவ்வளவுதான். ஒரு சொல் சொல்கிற வேலை.

ரேடியோவில் இங்கிலீஷ்தான் பேசணும், அதுதான் விதி, ஆனால் கமாண்டர் ஹரிநாராயணன் கடைசிப் பத்து மீட்டரில் தமிழுக்கு வந்துவிடுவார், சோதனை இறக்கம் ஐந்திலும் அப்படித்தான், "தமிழ் பேசறச்சே சார் போடாதேடா, வேற யாரையோ கூப்பிடறாப்பல இருக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கரையில் இவன் அவருக்கு சல்யூட் அடிப்பான், திருப்பூணித்துறை வீட்டுக்கு ஒரு தடவை போனபோது நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தான், அவருடைய அம்மா இவனை எந்த ஊர் என்று கேட்டு, மட்டாஞ்சேரி என்றதும் மட்டாஞ்சேரியில் எங்கே என்று கேட்டு, அப்புறம் கேட்கவில்லை. ஆனால் ரேடியோவில் மட்டும், இரண்டு பேர் காதுக்கு மட்டும், முத்து வரட்டுமாடா என்பார் அவர், வாடா என்பான் இவன். இவன் அப்பா இருந்து அதைக் கேட்டிருந்தால் நம்பியிருப்பாரா, பயந்திருப்பார். ஆறாவது தடவை, அதே கேள்வி, அதே பதில், மூன்று மீட்டர் பாக்கி, கப்பல் இடது பக்கம் சாய்ந்தது, மெதுவாகத்தான் சாய்ந்தது, இடது சக்கரம் முதலில் தொட்டது, தொட்டு வழுக்கியது, கிரௌஞ்சம் ஒருக்களித்துப் படுத்த மாதிரி தளத்தின் விளிம்புக்குப் போய்… ஹரி இருக்கையோடு வெளியே பாய்ந்தார், ஆனால் விமானம் சாய்ந்திருந்ததால் அவர் வானத்துக்குப் போகவில்லை, நேராகத் தண்ணீருக்குள் போனார்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து விசாரணை அறைக்குள் போகவில்லை, இதை யாரிடம் சொல்வது, யார் கேட்கிறார்கள்? மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஒலிப்பதிவைப் போட்டார்கள், விசிறியின் இரைச்சல், அதற்கு நடுவில் ஹரியின் குரல் மங்கலாக, அப்புறம் இவன் குரல், முதல் எழுத்தை இரைச்சல் தின்றுவிட்டிருந்தது, கடைசியில் ஒரு டா மட்டும் தெளிவு. நீங்கள் சொன்ன வார்த்தை என்ன லெஃப்டினன்ட்? வாய் தானாகச் சொன்னது, வேண்டா. கொச்சித் தமிழர்கள் வேண்டாம் என்று முழுசாகச் சொல்ல மாட்டோம் சார், மலையாளம் கலந்து வேண்டா என்போம். எவ்வளவு நிதானமாக விளக்கினான்! ஆபீஸில் இருந்த ஒரு தமிழ் கிளார்க்கைக் கூப்பிட்டு ஐந்து தடவை கேட்க வைத்தார்கள், அப்படியும் இருக்கலாம் சார் என்றார் அவர், பாவம் அவர் வேறென்ன சொல்வார், ஒரு லெஃப்டினன்ட் ஒரு கமாண்டரைப் பார்த்து வாடா என்றிருப்பான் என்று எந்தக் கிளார்க்குக்குத் தோன்றும்? அந்த நட்பு யாருக்கும் தெரியாமல் இருந்ததால் பொய் நின்றது. அது தெரிந்த இன்னொரு ஆள் கடலுக்குள் போய்விட்டார்.

இவன் மனைவி விஜி சமையலறையிலிருந்து சாயாவுக்குப் பால் இருக்கிறதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அப்புறம் இவன் பக்கம் தலையை நீட்டி, "பாவம் அந்தச் சேச்சி. அறிக்கைப் பேச்சே எடுக்க வேண்டா, கேட்டீங்களா? தப்பு அவர் பேரில்தான்னு உங்க வாயால வர வேண்டா" என்றாள். எட்டு வருஷமாக இவள் இந்த வார்த்தையை இப்படித்தான் சொல்கிறாள், சோறு வேண்டா, குடை வேண்டா, இப்போது ஒவ்வொரு தடவையும் யாரோ ஒலிப்பதிவை மறுபடி போடுகிறார்கள். இவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இவளும் சேர்ந்து சுமக்க வேண்டும், இல்லை, அது காரணமில்லை, சொன்னால் இவள் இவனைப் பார்க்கிற பார்வை…

லாரியைச் சுற்றி ஒரு வெள்ளைக் குடை வந்தது. நடந்துதான் வந்திருக்கிறாள்.

"வாங்க சேச்சி" என்று விஜி நாற்காலியைத் துடைத்தாள். அஞ்சனா உட்கார்ந்தாள், குடையை மடியில் வைத்துக்கொண்டாள், இளைத்திருந்தாள், சாயாவை ஒரு வாய் குடித்து, நன்னாயிருக்கு என்றாள், பிறகு ஒப்பித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நான் மன்னிப்புக் கேட்டுண்டு போலாம்னு வந்தேன். அவருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, கல்யாணமான நாள்லேர்ந்து எனக்குத் தெரியும். நீங்க வேண்டாம்னு சொல்லியும் கேக்கலை. உங்களை எட்டு மாசம் விசாரணையில நிக்க வச்சுட்டார். அவர் வந்து சொல்ல முடியாதோன்னோ, அதான்."

திட்ட வருவாள் என்றுதானே இத்தனை நேரம், பதில்களைக்கூட அடுக்கி வைத்திருந்தானே, இதற்கு எந்தப் பதில்? "ஐயோ, அதெல்லாம் எதுக்கு மேடம்" என்றான். அதோடு போயிருப்பாள், குடையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள், ஆனால் அவள் மெதுவாக, விஜியைப் பார்த்து, "அறிக்கை படிச்சதுலேர்ந்து அவர் போட்டோக்கு நான் பூ வைக்கறதில்லை. மாமியார் வைக்கறா. எனக்குக் கை வரலை. நில்லுன்னு ஒருத்தர் கத்தறச்சே, என்னை நினைச்சுண்டாவது நின்னிருக்கலாமேன்னு…" என்றாள்.

"நான் வேண்டாம்னு சொல்லலை மேடம்."

யார் சொன்னது, இவன்தான் சொன்னான், தன் குரலை ஒலிப்பதிவில் கேட்பது போலிருந்தது. "வரட்டுமாடான்னு கேட்டார். வாடான்னு சொன்னேன். விசாரணையில மாத்திச் சொல்லிட்டேன்."

விஜி அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தாள். மூட்டை இறக்குகிறவர்கள் மலையாளத்தில் எதற்கோ சிரித்தார்கள். அஞ்சனா அழவில்லை, டம்ளரைப் பத்திரமாகக் கீழே வைத்தாள், அழுதிருந்தால் தேவலை, எழுந்து ஓர் அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை.

"அப்போ அவர் கேட்டார்" என்றாள். "நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் இறங்கினார்."

"ஆமா."

"இதை எழுதித் தருவேளா?"

"தரேன்" என்றான், அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது, எழுதினால் வேலை போகும், ஜெயில்கூட இருக்கலாம், விஜி என்ன ஆவாள், நாளைக்கு உட்கார்ந்து எழுதுவானா, தெரியவில்லை, இப்போதைக்குத் தரேன் என்றுதான் சொல்ல முடியும். பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான், இறங்கவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, இப்போது அவள் முகத்திலும் கொஞ்சம்.

அஞ்சனா நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். "ஏன் அவரை வரச் சொன்னேள்?"

அவன் வாயைத் திறந்தான். என்ன சொன்னாய் என்று விசாரணையில் மூன்று பேரும் கேட்டார்கள், எத்தனை டிகிரி என்று கேட்டார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விமானத்தில் எரிபொருள் குறைவாக இருந்தது என்று சொல்லலாமா, குறைவில்லை, இன்னொரு சுற்று வர இருந்தது. மேல்மாடத்தில் பெரிய அதிகாரிகள் நின்றார்கள், அதற்காகவா, அவர்கள் ஞாபகமே அப்போது இல்லை. மீட்டரைத் தப்பாகப் படித்தேன் என்றால்… படித்தானா? அந்த நொடியைத் திரும்பத் திரும்ப எட்டு மாசமாகப் போட்டுப் பார்த்திருக்கிறான், அதில் ஹரியின் குரல் இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது, மீட்டர் இல்லை, முள் எங்கே நின்றது என்று எந்தத் தடவையும் இல்லை. அவன் எதையும் முடிவு செய்யவில்லை. வரட்டுமா என்று ஒருவர் கேட்டார், வா என்று வாய் சொல்லிவிட்டது, வாசலில் வந்து நிற்கிறவரிடம் சொல்வதைப் போல, அதற்குள் ஒரு நினைப்புகூட இருக்கவில்லை… இவ்வளவு நாளும் எதை நினைத்துப் பயந்தானோ, அந்தத் தவறை யோசித்துச் செய்த ஆள் என்று அங்கே யாருமே இருக்கவில்லை. இதை எப்படி இவளிடம் சொல்வது?

அவள் காத்துக்கொண்டிருந்தாள்.